வண்டு ஓடும் கை

வலது கையில் இரண்டு இடத்தில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. இரண்டும் நரம்பு கிடைக்காமல் தவறிய ஊசிக்குத்து. காய்ச்சலில் கண் செருகிக் கிடப்பவரின் இடது சட்டைக்கையை நர்ஸ் மேலே தள்ளுகிறாள். அப்பாடா, விரல் தடிமனுக்கு ஒரு நரம்பு! ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, ஊசியின் மூடியைக் கழற்றும்போது, தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வரும் மனைவி அலறுகிறாள். “ஐயோ சிஸ்டர், அது டயாலிசிஸ் கை! ஆபரேஷன் பண்ணி வெச்ச நரம்பு, அதுல கட்டவே கூடாது!” பட்டை சட்டென்று அவிழ்கிறது. அந்த நரம்புக்குள் ரத்தம் வண்டு மாதிரி ஓயாமல் ரீங்கரிக்க வேண்டும். உறைந்துபோனால் நாளைய டயாலிசிஸுக்கு வழியில்லை. நர்ஸ் விரலை வைத்துப் பார்க்கிறாள். அவளுடைய நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் விரல்நுனி வரை தெரிகிறது. “தள்ளுங்க,” என்கிறாள் மனைவி. தினமும் காலையில் செய்வது போலவே கம்மலைக் கழற்றிவிட்டு, குனிந்து, அந்தக் கையில் காதை ஒட்டவைக்கிறாள். மேலே மின்விசிறி கடகடக்கிறது. “அதை நிறுத்துங்க.” நர்ஸ் ஓடிப்போய் நிறுத்துகிறாள். சுற்றிச் சுற்றி இறக்கைகள் தனித்தனியாகத் தெரிகின்றன, நிற்கின்றன. மூடி கழன்ற ஊசியை நர்ஸ் தட்டில் வைக்கிறாள். மனைவி கண்ணை மூடிக்கொள்கிறாள். “வண்டு ஓடுது,” என்கிறாள். காதை மட்டும் எடுக்கவில்லை.