ஓடாத வண்டி

கார் ஓடாமல் நின்று நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. இழுத்துப்போக வந்தவன் பம்பரில் கயிற்றைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, ஓட்டுநர் இருக்கையில் பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். சமையல் முடிந்த மதியங்களில் அவள் அதில் போய் உட்காருவது தெருவுக்கே வேடிக்கை. ஏன் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள்.

கணவன் ஞானவேல் கதவை இழுத்துப் பார்த்தான். திறக்கவில்லை. கண்ணாடியைத் தட்டினான்.

"எந்த ஊருக்குக் கிளம்பிட்ட? புதுசு எடுக்கிறோம்ல, இறங்கு."

"புதுச நீங்க ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிடுவீங்க. இது இங்கயே நிக்கட்டும்."

"பதினாறு வருஷத்து வண்டி. இன்னும் எத்தனை நாளைக்கு வச்சுக் கும்பிடறதாம்?" என்றாள் மாமியார் வாசலிலிருந்து.

"அக்காவையும் சேர்த்தே இழுத்துடவா சார்?" என்று கயிற்றுக்காரன் சிரித்தான்.

பூங்கோதை சிரிக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை முழுவதுமாக இறக்கினாள். மாமியாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பாத்ரூம விட்டா, இந்த வீட்டுல நான் உள்ள இருந்து பூட்டிக்க முடியிற கதவு இது ஒண்ணுதான்."