இந்தியப் பெண்ணின் உடை

முத்துக்குளித்துறையிலிருந்து கப்பலில் பிடித்து வரப்பட்ட மதலேனாள், ஐந்து வருடமாக ஐரோப்பாவில் ஒரு வெள்ளைக்கார ஓவியரின் பூட்டிய அறையில் அவர் வரைய நிற்கிறாள். பிறநாட்டுப் பெண்களின் உடைகளைக் காட்டும் புத்தகத்துக்காகத் துருக்கிக்காரியாகவும் எகிப்துக்காரியாகவும் நின்றாயிற்று. எல்லாப் படத்திலும் அவள் முகம்தான். இன்று இந்தியப் பெண்ணின் முறை. பிடிபட்ட அன்று கட்டியிருந்த சேலையைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து, கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். ஓவியர் ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டி, அதிலிருந்த இந்தியப் பெண்ணின் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

“தப்பு. அங்க இறகுப் பாவாடைதான் கட்டுவாங்க.”

“நானே அந்த ஊர்க்காரிதானய்யா. எங்க ஆத்தா இப்படித்தான் கட்டுவா.”

“அச்சுல வந்தது பொய்யாகுமா?”

சேலையை அவிழ்த்துவிட்டு இறகுகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஓவியர் இம்முறை முகத்தையும் புத்தகத்தைப் பார்த்தே வரைந்தார்.

“அசையாதே” என்றார், அவள் பக்கம் திரும்பாமலே.