ஃபீஸ் இல்லாத ஆலோசனை

"ஃபீஸா? உன்கிட்டயாம்மா?" ஹஸீனா நீட்டிய பணத்தைக் கோகுலகிருஷ்ணன் கையால் தள்ளிவிட்டான். "என்கிட்ட படிச்ச பொண்ணு நீ. உட்காரு, டீ சொல்றேன்."

திண்டிவனத்தில் ஒரு மொபைல் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவன் ஆபீஸ். புதிதாக வெப்சைட் தொடங்குகிறவர்களுக்கு, எதைப் பற்றி எழுதினால் விளம்பரக் காசு வரும் என்று சொல்வது அவன் தொழில்.

ஹஸீனா கோட்டக்குப்பத்திலிருந்து கிளம்பி, புதுச்சேரியில் பஸ் மாறி, வழியில் கிளியனூர் வரை சீட் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்திருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"வீட்டுக்காரரு சவுதியிலேர்ந்து லீவுல வந்திருக்காரு சார். வெயில்ல நின்னு நின்னு ஆளே பாதியாயிட்டாரு. திரும்ப அனுப்ப எனக்கு மனசே இல்ல. ஒரு சைட்டு தொடங்கி அது ஓடிச்சுன்னா, அவரை இங்கயே நிறுத்திக்குவேன்."

"என்னென்ன யோசிச்சு வெச்சிருக்கே?"

"மூணு இருக்கு சார். பிரியாணி சமையல், மெஹந்தி டிசைன், அப்புறம் கல்ஃப் போறவங்க பெட்டியில எதை எடுத்துக்கினு போலாம், எதை எடுத்துக்கினு போவக்கூடாதுன்னு. தெரிஞ்சவங்க எல்லாரையும் கேட்டுட்டேன். மூணுமே சூப்பர்னு சொல்றாங்க. ஒரே பேஜாரா இருக்கு."

அவன் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டினான். பிரியாணிக்கு ஏற்கெனவே ஊர்ப்பட்ட சைட்டுகள். மெஹந்திக்கும் கூட்டம் குறைவில்லை.

மூன்றாவதைத் தட்டியதும் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கசகசா கொண்டுபோனால் பிடிப்பார்களா, ஊறுகாயை விடுவார்களா, அம்மாவின் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வேண்டுமா என்று ஜனங்கள் மாய்ந்து மாய்ந்து தேடியிருந்தார்கள். தமிழில் உருப்படியாகப் பதில் எழுத ஓர் ஆள் இல்லை. விமான டிக்கெட்காரர்கள் இதற்கு விளம்பரம் கொடுக்கக் க்யூவில் நிற்பார்கள்.

ஸ்கிரீனைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

இவள் யார் என்று அவன் மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எப்படி மறப்பான்? விழுப்புரத்தில் பெரிய கம்ப்யூட்டர் சென்டர் வைத்து ராஜா மாதிரி இருந்தவன் அவன். 'எங்களிடம் படித்தவர், இன்று சென்னையில் இன்ஜினியர்' என்று ஒரு வாலிபனின் போட்டோ போட்டு, வாசலில் ஆளுயர பேனர் கட்டியிருந்தான்.

அட்மிஷன் நாளில், பெற்றோர் நிறைந்த ஹாலில், இந்த ஹஸீனா எழுந்து நின்றாள். "சார், இந்த அண்ணன் கூட்டேரிப்பட்டுல டீக்கடை வெச்சிருக்காரே!" என்றாள். கட்டிய ஃபீஸைத் திருப்பிக் கேட்டு அன்று மாலையே கூட்டம் கூடியது. கொஞ்ச நாளில் சென்டருக்குப் பூட்டும் விழுந்தது. அன்று பற்றிய வயிற்றெரிச்சல் அவனுக்கு இன்னும் அணையவில்லை.

இப்போது தானாக வந்து மாட்டியிருக்கிறாள். விடுவானா?

"பிரியாணி!" என்று மேஜையைத் தட்டினான். "கண்ணை மூடிக்கினு இதை எடு. சோறு திங்காதவன் உலகத்துல இருக்கானா?"

"மெஹந்தி?"

"அதுவும் பரவால்ல. பண்ணலாம்."

"எதை எடுக்கவே கூடாது சார்?"

"அந்தப் பெட்டி சமாச்சாரம்! அதைத் தொட்டே, ஒழிஞ்சே. கல்ஃப் போறவன் பக்கத்து வீட்டுல கேட்டுக்கினு போவான். இதுக்குப் போய் சைட்டைத் தேடிக்கினு இருப்பானா? மறந்துடு."

"நிச்சயமா சொல்றீங்களா சார்?"

"என் அனுபவத்துல சொல்றேம்மா. ஜல்தி வேலையை ஆரம்பி."

"ரொம்பப் பெரிய உதவி சார்," என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு அவள் படி இறங்கினாள். நன்றாகக் கிண்டட்டும் பிரியாணி என்று அவன் ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்தான். அன்று அவனுக்கு இரண்டு டீ கூடுதலாக இறங்கியது.

அடுத்த வருஷம், நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் ஹஸீனா மறுபடியும் வந்தாள். கூடவே கணவன் ஹுதைஃபா.

"சாருக்கு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

கோகுலகிருஷ்ணன் ஹுதைஃபாவை ஏற இறங்கப் பார்த்தான். லீவு எப்போதோ முடிந்திருக்க வேண்டுமே. "சவுதிக்குத் திரும்பப் போவலியா?"

"போவலைங்க. அந்த வேலையை விட்டுட்டேன்," என்றான் ஹுதைஃபா.

ஆக, வேலையும் போச்சு, சைட்டும் படுத்திருக்கும். இவளோ விவரம் புரியாமல் நன்றி சொல்ல வந்திருக்கிறாள்! கோகுலகிருஷ்ணனுக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்தது. இத்தனை நாள் அடக்கிவைத்ததை இனியும் அடக்க முடியவில்லை.

"நன்றியா? என் சென்டரை இழுத்து மூட வெச்சியே, ஞாபகம் இருக்கா? அதுக்குத்தான் உன்னைப் பிரியாணியில இறக்கிவிட்டேன். உருப்படாதுன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். நீ நடுத்தெருவுல நிக்கணும்னுதான் சொன்னேன்!"

ஹுதைஃபா கோபமாக வாயைத் திறந்தான். ஹஸீனா அவன் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, தன் செல்போனை மேஜைமேல் வைத்தாள்.

கல்ஃப் பெட்டி சைட். முதல் பக்கத்திலேயே கசகசா. நடுநடுவே விமான டிக்கெட் விளம்பரங்கள். மேலே, ஒரு பயணப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஹுதைஃபா சிரிக்கும் போட்டோ. அன்றைக்கு மட்டும் வந்து பார்த்தவர்களின் எண்ணிக்கையைக் கண்டு கோகுலகிருஷ்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"இதை... இதைத் தொடவே கூடாதுன்னு சொன்னேனே!"

"அதைத் தெரிஞ்சிக்கத்தான் சார் உங்ககிட்ட வந்தேன்," என்றாள் ஹஸீனா. "என்மேல இவ்ளோ கடுப்பா இருக்கிற எக்ஸ்பர்ட்டு வேற யாரு இருக்காங்க?"