பேச்சுத் தாமதம்

டாக்டரின் உதடுகளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வார்த்தை பேசுது?"

கேள்வி அவளிடம் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த பூங்கோதையிடம் போனது. பூங்கோதை அவள் கணவனின் அக்கா. குழந்தையின் அம்மாவான அவளுக்கும் அவள் கணவனுக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. டாக்டரிடம் பேச ஆள் வேண்டுமே என்று பூங்கோதை தாராபுரத்திலிருந்து வந்திருந்தாள்.

"ஒண்ணுகூட இல்லீங்க டாக்டர். ஒன்றரை வயசாச்சு."

மடியிலிருந்த சஷ்டிகா சுவரில் ஒரு பல்லியைக் கண்டாள். இரண்டு விரலை நெளித்து அம்மாவிடம் காட்டினாள். அப்புறம் மின்விசிறியைக் காட்டினாள். அப்புறம், போகலாம் என்றாள்.

எல்லாம் கையால். வேறு யாரும் பார்க்கவில்லை.

நாற்பத்து மூன்று வார்த்தை. அவள் எண்ணி வைத்திருந்தாள். பல்லி, விசிறி, பால், சூடு, இன்னும், போதும், வலிக்குது. அப்பா பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார் என்பதைக்கூடக் குழந்தை கையால் சொல்லும்.

அவள் மேசையைத் தட்டினாள். டாக்டர் நிமிர்ந்தார். நான்கு விரல் காட்டினாள், பிறகு மூன்று. மகளின் கைகளைத் தூக்கிக் காட்டினாள்.

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லீங்க. பயந்துக்கிறா."

பூங்கோதையின் உதடுகளைப் படிப்பது அவளுக்கு எப்போதும் சுலபம்.

டாக்டர் எழுதினார். குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது. பேச்சு வளர்ச்சித் தாமதம். வீட்டில் பேச்சு காதில் விழ வேண்டும். ஆறு மாதம் கழித்து வரவும்.

அன்று மாலையே, தன்னோடு கூட்டிப்போக, பூங்கோதை குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

ஆறே மாதம்தான், அக்கா சொல்வது சரி என்று கணவன் கையசைத்தான்.

குழந்தை பேசுகிறாள் என்றாள் அவள். தினமும் உன்னிடமும்தான் பேசுகிறாள்.

அவன் கண்களை மூடிக்கொண்டான்.

அவர்களுக்குள் அதற்குமேல் பேச வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்க அவள் தாராபுரம் பஸ் ஏறினாள்.

பூங்கோதையைக் குறை சொல்லவும் முடியவில்லை. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருப்பாள். படப் புத்தகம் வாங்கியிருப்பாள். ராகிக் கூழை ஆற்றி ஆற்றி ஊட்டுவாள். குழந்தை கையைத் தூக்கினால் மட்டும் இரண்டு கையையும் தன் கைக்குள் பொத்திக்கொள்வாள்.

"வாயில கேளு தங்கம். வாயில."

நான்காவது மாதம் பொத்த வேண்டிய தேவை இருக்கவில்லை.

இரண்டு வயது முடிந்ததும் மறுபடி அதே அறை. டாக்டர் கட்டம் போட்ட தாளை எடுத்தார். காக்கா, தோசை, வண்டி, மாமா. பூங்கோதை சொல்லச் சொல்ல டாக்டரின் பேனா இறங்கிக்கொண்டே வந்தது.

டாக்டர் குனிந்தார். அம்மாவைச் சுட்டிக்காட்டிக் குழந்தையிடம் கேட்டார்.

"இது யாரு?"

சஷ்டிகா டாக்டரைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவளுக்கு மகளின் பின்னந்தலைதான் தெரிந்தது.

டாக்டர் சிரித்தார். கைதட்டினார். பூங்கோதையும் சிரிக்க ஆரம்பித்து, அவள் பக்கம் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேசையிலிருந்த துண்டுத் தாளை இழுத்து அவள் எழுதினாள்: என்ன சொன்னாள்?

டாக்டர் உற்சாகமாக எழுதிக் கொடுத்தார்.

'அம்மா பேசாது.'

அதன் கீழே: 'இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறாள். வயதுக்கேற்ற வளர்ச்சி. மிக நன்று.'

கட்டத்தில் டிக் விழுந்தது.

அவள் இரண்டு முறை படித்தாள். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் மண்டியிட்டாள். மகளைத் தன் பக்கம் திருப்பினாள். கைகளை உயர்த்தி, மிக மெதுவாக, பால்குடிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

அம்மா பேசுவேன்.

சஷ்டிகா அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு திரும்பி, அத்தையின் வாயை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தாள்.