ஒரு நிரை மட்டும்

சுவிஸிலிருந்து வந்திருந்த லக்சனா மலைக்கு ஏறும் இரண்டு பாதைகளைப் பற்றியும் விசாரித்தாள். மலையேறிப் பழகாதவர்களுக்கு இரண்டுமே சுலபம்தான் என்றான் வழிகாட்டி உமாசுதன்.

"ஆனா அருவிப் பக்கம் வேணாங்க. மண்சரிவுல எங்க லயத்து வீடெல்லாம் பொதஞ்சு போன எடம்."

"அருவி வடிவா இருக்குமெல்லே, அதாலயே போவம்."

சரிவுக்குப் பிறகு தோட்ட நிர்வாகம் கைவிட்ட மலை அது. கொழுந்தெடுக்க ஆளில்லாமல் தேயிலையெல்லாம் தலைக்கு மேல் வளர்ந்து மரமாகியிருந்தது. நடுவே ஒரு நிரை மட்டும் இடுப்பளவில் மட்டமாக நின்றது.

"இதில ஆர் கொழுந்து எடுக்கினம்?"

உமாசுதன் குனிந்து பார்த்தான். கிள்ளிய காம்புகளில் ஈரம் காயவில்லை. அது சரிவில் செத்துப்போன அவன் மனைவி கொழுந்தெடுத்து வந்த நிரை.

"எம் பொண்டாட்டிதாங்க" என்றான். "மண்ணுக்குள்ள போயும் அவளுக்கு வேல முடியல."