முதுகில் மா

“எமில்டா, ஓடி வாரும். என்ர பிள்ளையள் தப்பிட்டாங்கள்.”

பின்வளவிலிருந்து வின்சன்ற் கூப்பிட்ட கூப்பாட்டில், புட்டுக்கு மா அரித்துக்கொண்டிருந்த எமில்டா கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள்.

உண்மைதான். அவருடைய தேனீப்பெட்டி வாசலில் மடு மாதா கோயில் திருவிழாக் கூட்டம். போவதும் வருவதுமாக ஒரே அமளி.

புருஷனும் பெண்சாதியுமாகப் போன கோடையில்தான் தேனீ வளர்க்கத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு பெட்டி. மார்க்கம் நகரின் வட கோடியில், வயலோடு ஒட்டிய அவர்களின் வளவில் அந்தப் பெட்டிகளுக்கு இப்போது முடிந்ததுதான் முதல் பனிக்காலம்.

கனடாவுக்கு வந்த முதல் வருடம் குளிரில் பட்ட பாட்டை வின்சன்ற் இன்னும் மறக்கவில்லை. தன் பெட்டிக்குக் கம்பளி சுற்றி, வாசலைத் தவிர ஒரு கீறல் விடாமல் பசை ரேப் ஒட்டிவிட்டார். எமில்டா தன் பெட்டியின் பின்பக்கம், மூடிக்குக் கீழே, விரல் போகும் அளவுக்கு ஓர் ஓட்டை விட்டிருந்தாள். உள்ளே கட்டும் ஈரம்தான் தேனீயைக் கொல்லும், குளிர் அல்ல என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அந்த ஓட்டையைச் சொல்லிச் சொல்லிப் பனிக்காலம் முழுவதும் சிரித்தார் மனுஷன்.

இப்போது அவளுடைய பெட்டி வாசலைச் செத்த தேனீக்கள் குவிந்து அடைத்துக் கிடந்தன. ஒன்றுகூடப் பறக்கவில்லை.

தப்பாத பெட்டியை எடுத்துவிட வேண்டும், அந்த இடத்தில் வின்சன்றின் பாபிகியூ அடுப்பு வரும். அதுதான் இருவருக்கும் பேச்சு.

அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் அவர் பெட்டியைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்றாவது தப்பியதே. வாசலருகே குனிந்து சின்னப்பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினாள். கையில் இருந்த கோதுமை மா புகையாக எழும்பித் தேனீக்கள் மேல் படிந்தது.

வின்சன்றுக்குக் கால் நிலத்தில் படவில்லை. தம்பி றோய்க்கு வீடியோ கோல் எடுத்துப் பெருமையடிக்கத் தொடங்கிவிட்டார்.

எமில்டா தன் பெட்டியைக் கட்டியிருந்த பட்டியை அவிழ்க்கப் பின்பக்கம் போனாள்.

காதோரம் ஒன்று பறந்து போனது. பிறகு இன்னொன்று. மூடிக்குக் கீழிருந்த ஓட்டைக்குள் விறுவிறென்று நுழைந்தன. ஓட்டையில் காவல் நின்ற தேனீக்கள் அவற்றை மோந்து பார்த்து, தங்கள் பெட்டிப் பிள்ளைகள்தான் என்று வழிவிட்டன.

நுழைந்தவற்றின் முதுகில் வெள்ளை மா.

பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே கொதிக்கிற உலை மாதிரி ஓர் இரைச்சல். கண் கலங்கிவிட்டது. கத்திக் கூப்பிட வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் வகுப்பில் கேட்ட இன்னொன்று நினைவுக்கு வந்தது. செத்துப்போன பெட்டியில் மிஞ்சிய தேனை அயல்பெட்டித் தேனீக்கள் வந்து அள்ளிக்கொண்டு போகும். அந்த வகுப்பில் வின்சன்ற் நல்ல நித்திரை.

திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் அவர் றோய்க்கு உள்ளேயும் காட்டுவதற்காக மூடியின் ரேப்பை உரித்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சருங்கோ, உந்தப் பெட்டியை இப்ப திறக்காதேங்கோ,” என்றாள் எமில்டா. “புட்டு அவியட்டும். முதல்ல சாப்பிடுங்கோ.”