கைராசிக்காரி

"நம்பவே மாட்டீங்க மேடம். ஒரு மாசமா தலைவலி எட்டிக்கூடப் பார்க்கல. உங்களுக்கு அப்படி ஒரு கைராசி!"

சிகிச்சைக் கட்டிலின் தலைமாட்டு ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்துக் குப்புறப் படுத்திருந்தாள் அவள். அங்கிருந்து பார்த்தால் பிசியோதெரபிஸ்டின் செருப்பு மட்டும்தான் தெரியும். அதனாலென்ன? செருப்போடேயே வாய் ஓயாமல் பேசுவாள்.

மைக்ரேன் வந்தால் ரெண்டு நாள் படுக்கை, வாந்தி, அழுகை. இங்கே வந்து பிடரியையும் தோளையும் அழுத்திவிட ஆரம்பித்த பிறகுதான் மறுபடி மனுஷியாகியிருந்தாள்.

"கழுத்து நல்லா இளகியிருக்கு. வீட்ல டென்ஷன் ஏதாவது?"

கேட்டதுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள்.

"டென்ஷனே என் நாத்தனார்தான் மேடம். அவரோட அக்கா, எங்ககூடத்தான் இருக்காங்க. ஹால்ல உக்காந்து நாள் பூரா தையல் மெஷினைக் கடகடன்னு ஓட்டுவாங்க. நான் இங்க வர ஆரம்பிச்ச மறுவாரமே மெஷினைத் தூக்கிக்கிட்டு எதிர் வீட்டு ஷெட்டுக்குப் போயிட்டாங்க. என் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலையாம்!"

"அவங்களே சொன்னாங்களா?"

"சொல்லணுமா என்ன? எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் திரை தைச்சு மாட்டி, வீட்டைக் குகையாக்கிட்டாங்க. நான் ஆசையா வாங்கி வெச்ச சென்ட் பாட்டில் ரெண்டையும் காணோம். கேட்டா, 'கைதவறி உடைஞ்சிடுச்சும்மா'ங்கறாங்க. ரெண்டுமா கைதவறும்? வயித்தெரிச்சல் மேடம்!"

பிடரியில் ஓடிய விரல்கள் ஒரு நொடி நின்றன.

"இன்னிக்குச் சாயங்காலம் தனி வீடு பேசி முடிக்கிறோம். அவருக்கு மனசே இல்ல. அக்காதான் வளர்த்தாங்களாம், கண்ணைக் கசக்கறாரு. நானா, அவங்களான்னு கேட்டுட்டேன்!"

"வீடு எப்படி?"

"சூப்பர் மேடம். மெயின் ரோட்டு மேலயே. நாலு பக்கமும் ஜன்னல், வெயில் உள்ளேயே விளையாடும். கீழே பேக்கரி, வாசனை மாடி வரைக்கும் தூக்கும்!"

"வெயிலு... ரோட்டுச் சத்தம்... வாசனை..." மேடம் முணுமுணுத்தார்.

"குடுத்து வெச்சிருக்கணும்! ஆமா, முதல் நாள் நாத்தனார்தானே என்னைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க? நான் அசந்து கிடந்தப்போ உங்ககிட்ட குசுகுசுன்னு என்னமோ பேசினாங்க. என்னைப் பத்தி வத்தி வெச்சாங்கதானே? மறைக்காம சொல்லுங்க."

கை பிடரியை விட்டு எழுந்தது.

"சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. இனியும் சொல்லலேன்னா பாவம். 'இவளுக்கு எதெல்லாம் ஆகாது?'ன்னு கேட்டாங்க. வெளிச்சம், சத்தம், சென்ட் வாசனை எல்லாம் நிறைய பேருக்கு மைக்ரேனைக் கிளப்பும், நிறுத்திப் பாருங்கன்னேன். பேசினது அவ்வளவுதான்."

ஓட்டைக்குள்ளிருந்து முகத்தை எடுத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"'சொன்னா, தன்னாலதான் எனக்குச் சிரமம்னு சங்கடப்படுவா. என்னைத் திட்டிக்கிட்டு நிம்மதியா இருக்கட்டும்'னாங்க. என் கை வாரத்துக்கு அரை மணி நேரம்தான்மா உங்க கழுத்துல இருக்கு. மத்த நேரமெல்லாம் யாரு பார்த்துக்கிட்டாங்கன்னு யோசிங்க."

வெளியே வந்ததும் செல்போன் அடித்தது. கணவன்.

"கிளம்பிட்டேன். வீட்டுக்காரர் காத்திருக்காரு. அக்காகிட்ட என்னன்னு சொல்றதுன்னுதான்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். அந்த வீடு நமக்கு வேணாங்க."

"ஏன்? நீதானே ஒத்தக் கால்ல நின்னே?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தோற்றேன் என்று சொல்ல அவ்வளவு சுலபமாக வாய் வந்துவிடுமா?

"வெளிச்சம் ஜாஸ்தி!" என்றாள்.